பட்டிப்பளையாறு புகட்டும் பாடம்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணற்பரப்பிலே காத்தான்குடி அமைந்துள்ளது. வணிகத்துக்கும் நெசவுக்கும் பெயர்பெற்ற இவ்வூர், நெல்லுக்கோ வாவியின் மேற்கேயுள்ள படுவான்கரையையும் தெற்கே விரிந்த வயல்வெளிகளையுமே எதிர்நோக்குவது. ஆதலால், மேற்கு மலைகளிலே பிறந்து கிழக்குக் கடலை நாடும் ஆறுகளின் போக்கு இவ்வூர் மக்களின் அடுக்களையையும் தொடுவதாகும். அவ்வாறுகளுள் ஒன்று பட்டிப்பளையாறு. சிங்களத்தில் அதற்குக் கல்லோயா என்பது பெயர். பெரும் பொறியியற் பணியொன்றைத் திட்டமிடுதல், நடத்துதல், கட்டுப்படுத்துதல் ஆகிய மூன்றுக்கும் அவ்வாற்றைத் தேக்கிய வரலாறு நல்ல எடுத்துக்காட்டாகவும் எச்சரிக்கையாகவும் விளங்குகின்றது.

1948இல் இலங்கை விடுதலை பெற்றபோது, உண்ணும் அரிசியில் பெரும் பங்கு கடல்கடந்தே வந்தது. இக்குறையைப் போக்க விழைந்த பிரதமர் டி. எஸ். சேனாநாயக்கவின் அரசாங்கம், 1949ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டத்தினால் கல்லோயா அபிவிருத்திச் சபையை நிறுவியது. அமெரிக்காவில் 1933இல் தோன்றிய தெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையே அதற்கு முன்மாதிரி. அணையைக் கட்டுவதற்கு ஒரு திணைக்களம், காணி வழங்குவதற்கு வேறொன்று, பாதை அமைப்பதற்கு மற்றொன்று எனப் பொறுப்புச் சிதறாமல், பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே சபை பொறுப்பாதல் வேண்டும் என்பதே அதன் கருத்து. அந்நாளில் அப்பகுதி மட்டக்களப்பு மாவட்டத்துக்கு உட்பட்டிருந்தது. அம்பாறை தனி மாவட்டமானது 1961இலே.

அணைகட்டும் பொறுப்பு மொறிசன்–நட்சன் என்னும் அமெரிக்க நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கொலராடோ ஆற்றிலே ஹூவர் அணையைக் கட்டிய கூட்டு நிறுவனத்தில் அதுவும் பங்காளி. இங்கினியாகலையில் ஏறத்தாழ 3,600 அடி நீளமும் 140 அடிக்கு மேற்பட்ட உயரமுமுள்ள மண்ணணையை எழுப்பவேண்டியிருந்தது. மண்ணணைக்குப் பெரும்பகை காலந்தவறுதலே. கிழக்கிலங்கையில் ஐப்பசிக்கும் தைக்கும் இடையே மாரி கொட்டும். அரைகுறையாக நிற்கும் மண்ணணையின் மேலாக வெள்ளம் புரளுமாயின் அணை கரைந்தே போகும். ஆகவே, கோடையில் ஆற்றைத் திசைதிருப்பி, மாரிக்கு முன்னர் அணையைத் தக்க உயரத்துக்குக் கொணர்தல் வேண்டும். அதற்கு இயந்திரங்கள் வேண்டும். இயந்திரங்கள் வருவதற்குக் காட்டினூடே பாதை வேண்டும். பாதை வெட்டுவோர்க்குத் தங்குமிடமும் உணவும் வேண்டும். இத்தொடரில் ஒன்று பிந்தினாலும் பின்வருவன யாவும் பிந்தும். விரைவு மட்டும் போதுமோ எனின், போதாது. மண்ணைப் படைபடையாகப் பரப்பி, அளவறிந்து நீர் தெளித்து, உருளையால் இறுக்கி, அவ்விறுக்கத்தைச் சோதித்த பின்னரே அடுத்த படையை இடுதல் வேண்டும். காலம், செலவு, தரம் ஆகிய மூன்றையும் திட்டத்தோடு இடைவிடாது ஒப்புநோக்கி, வழுவை உடனுக்குடன் திருத்துவதே கட்டுப்பாடு எனப்படும்.

1949இல் தொடங்கிய அணைவேலை 1951இல் நிறைவெய்தியது. ஏறத்தாழ 770,000 ஏக்கர் அடி நீரைக் கொள்ளும் அந்நீர்த்தேக்கம் சேனாநாயக்க சமுத்திரம் எனப் பெயர்பெற்றது. கட்டுமானம் என்ற அளவில் அது பெருவெற்றியே.

ஆயினும் அணை ஒரு கருவி. வயலுக்கு நீர் சேர்வதே பயன். காடு வெட்டுதல், வாய்க்கால் அமைத்தல், குடும்பங்களைக் குடியமர்த்தல் ஆகியன அணைவேலையின் வேகத்துக்கும் செப்பத்துக்கும் ஈடாக நடைபெறவில்லை. எங்கிருந்து யாரைக் குடியமர்த்துவது என்பதோ வெறுங் கணக்கினால் தீர்க்கக்கூடிய வினாவன்று. 1956ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்பள்ளத்தாக்கிலே மூண்ட இனவன்செயலில் உயிர்கள் பல மாய்ந்தன. 1965இல் அச்சபையின் இடத்தை ஆற்றுப் பள்ளத்தாக்கு அபிவிருத்திச் சபை ஏற்றது. கேம்பிரிட்ஜ் புவியியலறிஞர் பி. எச். ஃபாமர் தலைமையில் ஆராய்ந்த மதிப்பீட்டுக் குழுவின் அறிக்கை 1970இல் வெளிவந்தது. திட்டத்தின் செலவு அதன் பயனை விஞ்சியதாக அக்குழு கணித்தது.

குறை எங்கே நேர்ந்தது? மட்டக்களப்பின் பழைய வட்டைகளிலே, உழவர் கூடி விதைப்புநாளைக் குறிப்பர். நீர்ப்பங்கீட்டை வட்டைவிதானையார் கண்காணிப்பார். வாய்க்காலைத் துப்புரவாக்குவது வயற்காரர் கடன். புதுக் குடியேற்றத்திலோ பல ஊர்களிலிருந்து வந்து ஒருவரையொருவர் அறியாதோர் அயலவராயினர். மதகைத் திறப்பவர் உத்தியோகத்தர். நீரை எதிர்நோக்குபவர் உழவர். இருவரையும் இணைக்கும் ஏற்பாடு வலுவாக அமையவில்லை. நாளடைவில் வாய்க்கால்கள் தூர்ந்தன. கதவுகள் பல உடைந்தன. தலைப்பிலுள்ளோர் வேண்டியமட்டும் நீர் பாய்ச்ச, கடைப்பகுதி வயல்கள் வறண்டன. கடைப்பகுதியிலிருந்த உழவருட் பலர் தமிழ் பேசுவோர்.

இடதுகரை வாய்க்கால்களைத் திருத்தும் பணி, அமெரிக்க உதவியுடன், 1980களின் முற்பாதியில் நடைபெற்றது. இம்முறை சீமெந்தும் இரும்பும் மட்டும் கருதப்படவில்லை. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிலையமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இணைந்து, இளம் பட்டதாரிகளை உழவரிடையே வாழுமாறு அனுப்பின. 1981இல் நீர்த்தேக்கம் மிகத் தாழ்ந்திருந்த பருவத்திலேயே அவர்கள் வேலை தொடங்கினர். ஒரே வயல்வாய்க்காலிலிருந்து நீர் பெறுவோர் சிறு குழுக்களாகக் கூடினர், தூரை அகற்றினர், முறைவைத்து நீர் பாய்ச்சினர். தலைப்பிலுள்ள சிங்கள உழவர் மிச்சம் பிடித்த நீர் கடைப்பகுதித் தமிழ் உழவரின் வயலையும் எட்டியது. பொறியியலாளர் வரைபடம் தீட்டுமுன் உழவரோடு வாய்க்காலோரமாக நடந்து அவர்தம் கருத்தைக் கேட்கும் வழக்கமும் வந்தது. ஓர் ஏக்கருக்கு விடப்பட்ட நீர் வெகுவாகக் குறைந்தும் விளைச்சல் குன்றவில்லை.

அணையைக் கட்டியோர் நாளையும் செலவையும் மண்ணின் இறுக்கத்தையும் அளந்தனர், அவை அளக்கத்தக்கனவே. கடைசி வயலுக்கு நீர் சேர்ந்ததா என்பதை அளக்க முப்பது ஆண்டு சென்றது. பாலமாயினும் பாதையாயினும் குளமாயினும், பயன் பெறவேண்டிய கடைசி மனிதரிடத்திலிருந்து பின்னோக்கித் திட்டமிடுதல் வேண்டும் என்பதே பட்டிப்பளையாறு புகட்டும் பாடமாகும்.