அரிசியும் நினைவும்: மலாயா மண் தந்த பாடம்

வெண்டைக்காய் தின்றால் கணக்கு வரும் என்பதும், வல்லாரை தின்றால் பாடம் மறவாது என்பதும் நம்மவரிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் நம்பிக்கைகள். உணவுக்கும் நினைவாற்றலுக்கும் தொடர்பு உண்டு என்னும் எண்ணம் இவற்றின் அடியில் இருக்கிறது. அவ்வெண்ணம் பிழையன்று. அத்தொடர்பு எத்தகையது என்பதைத் தெளிவாக்கிய ஆராய்ச்சிகளுள் சில மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நிகழ்ந்தவை. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால்கள் மரத்துப் போகும், உடல் வீங்கும், இதயம் தளர்ந்து உயிர் பிரியும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்களே பெரும்பாலும் இதற்கு இரையாயினர். தோட்டத் தமிழரிடையே இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் இவ்வேறுபாட்டை ஆராய்ந்து 1907 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். சீனர் உண்டது வெண்மையாகத் தீட்டிய சயாம் அரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. மலாய்க்காரர் தம் வயலில் விளைந்த நெல்லை வீட்டிலேயே குத்தி உண்டனர். நெல்வயல் சூழ்ந்த நம் கெடாவிலும், கம்பத்து உரலில் குத்திய அரிசியும், தோட்டத்துக்கு வந்த புழுங்கல் அரிசியும், பட்டணத்து வெள்ளை அரிசியும் அடுத்தடுத்து இருந்தவையே.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் பிளெட்சர் 1905 ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணி, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு பிரிவாகவும் இரட்டைப்படை எண்ணினரை மறு பிரிவாகவும் வகுத்தார். ஒரு பிரிவினர்க்குத் தீட்டிய அரிசி. மற்றவர்க்குப் புழுங்கல் அரிசி. ஓராண்டு முடிவில், தீட்டிய அரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை. பின்னர் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் ஜெலுபு வட்டாரத்தில் சாவகத் தொழிலாளரிடையே ஆராய்ந்து அதனை உறுதி செய்தனர். நோயைத் தருவது அரிசியில் சேர்ந்த நஞ்சன்று; அரிசியிலிருந்து நீங்கிய தவிடே காக்கும் பொருள் என்பது புலனாயிற்று.

அப்பொருளே தயமின் என்னும் உயிர்ச்சத்து. அதனை 1936 ஆம் ஆண்டில் செயற்கையாக ஆக்கிக் காட்டிய இராபர்ட் வில்லியம்சு, அந்நாளைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கி விடுகிறது. அதனால் ஆலையில் தீட்டினாலும் அது முற்றும் போவதில்லை. நம் முன்னோர் இக்காரணத்தை அறிந்து நெல்லை அவித்தாரல்லர். ஆயினும் அவ்வழக்கம் அவர்களைக் காத்தது.

இது கால்நோய்க்கன்றோ பொருந்தும், நினைவுக்கு எவ்வாறு எனக் கேட்கலாம். உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கே ஆன மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் கொள்கிறது. மாவுணவிலிருந்து வரும் சர்க்கரையை ஆற்றலாக மாற்றத் தயமின் இன்றியமையாதது. உடலோ அதைச் சில வாரங்களுக்கு மேல் சேமித்து வைப்பதில்லை. அது குன்றினால், புதிய செய்தியை மனத்தில் பதிக்கும் மூளைப்பகுதியே ஊறுபடும்.

இதற்குச் சான்று சிங்கப்பூரில் கிடைத்தது. 1942 ஆம் ஆண்டில் சாங்கியில் சிறைப்பட்ட போர்க்கைதிகளுக்குத் தீட்டிய அரிசியே பெரும்பாலும் உணவாயிற்று. சில வாரங்களிலேயே சிலர்க்குக் கண் நிலைகொள்ளாமல் ஆடியது, அறிவு மயங்கியது, அண்மையில் நிகழ்ந்தவை மறந்தன. சிறையிலிருந்த மருத்துவர்களான டி வார்டனரும் லெனாக்சும் இத்தகைய 52 பேரைப் பற்றிய குறிப்புகளை 1947 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தயமின் கொடுத்தபோது பலர் தெளிந்தனர். மதுவே காரணம் என்று கருதப்பட்ட அம்மூளைநோய், உணவுக் குறையாலேயே வருவது என்பது அவர்களால் நிலைபெற்றது.

அதே காலத்தில் நம் தோட்டங்களின் நிலை என்ன? பர்மாவிலிருந்து வந்த அரிசி நின்றது. மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. கெடாத் தோட்டங்களிலிருந்தும் தமிழர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அங்கே பெரிபெரி அவர்களையும் விடவில்லை. அவர்களுள் எத்தனை பேர் நினைவிழந்தனர் என்பது தெரியவில்லை.

இவ்வரலாறு ஆசிரியர்க்கு உணர்த்துவது ஒன்றுண்டு. ஏதேனும் ஒரு பொருளைத் தின்று நினைவு வளர்ந்தது என்பதற்கன்று இங்குக் கண்ட சான்று. அன்றாட உணவில் வேண்டுவது குறைந்தால் நினைவு கெடும் என்பதற்கே. தயமின் நீரில் கரைவது. அரிசியைப் பன்முறை களைந்து, வடித்த கஞ்சியையும் கொட்டினால் அதுவும் உடன் போகும். பருப்பும் பயறும் முட்டையும் சேர்ந்த எளிய உணவு அக்குறையைத் தீர்க்கும். உணவைக் குறைத்துச் சம்சு குடிப்பவர்க்கு, உண்ட தயமினும் உடலில் சரிவரச் சேராது.

பாடம் மறக்கும் மாணவனை மந்தன் என்று முடிவு கட்டுமுன், காலையில் என்ன உண்டாய் என்று ஒருமுறை கேட்போமாக. மறதிக்குக் காரணம் பல. ஆயினும் பசித்த வயிற்றையும் குறைந்த உணவையும் சோம்பலென்று எண்ணித் தண்டித்தல் ஆசிரியர்க்கு அழகன்று.