ஸுலைமான் (அலை) காலத்து மச்சுகள்

பைத்துல் முகத்தஸ் என்றதும் நம் கண்முன் நிற்பவை கல்லும் குவிமாடமும்தான். ஆனால் பனூ இஸ்ராயீல்களின் பண்டைய ஊர்களில் ஒரு கட்டடத்தின் பெருமையைக் காட்டியது மரமே. கல் அங்கே காலடியில் கிடந்தது. நீண்ட, நேரான மரமோ பிற நாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது.

சாமானியர் வீட்டை முதலில் பார்ப்போம். சுவர்களின் மேல் உத்திரங்களைக் குறுக்கே இட்டு, அவற்றின்மேல் சுள்ளியும் நாணலும் பரப்பி, களிமண் பூசிக் கெட்டிப்படுத்தினார்கள். மழையில் மண் இளகினால் உருளைக்கல்லை உருட்டி மீண்டும் இறுக்குவார்கள். அத்தகைய கற்கள் அகழாய்வுகளில் கிடைத்துள்ளன. அந்த மாடியில் மக்கள் நடமாடினார்கள், உறங்கினார்கள். அதனால்தான் அதற்குக் கைப்பிடிச் சுவர் கட்டவேண்டும் என்று யூதர்களின் வேதநூல் கட்டளையிடுகிறது. உத்திரத்திற்குப் பெரிதும் உதவியது காட்டத்தி மரம். அதில் நெடிய உத்திரம் அறுக்க முடியாது. ஆகவே அறையின் அகலத்தை மரத்தின் நீளமே தீர்மானித்தது.

அந்த எல்லையை உடைத்தது லெபனான் மலையின் கேதுரு. கி.மு. 10ஆம் நூற்றாண்டில் ஸுலைமான் (அலை) எழுப்பிய ஆலயத்தை யூத வேதநூல் ஒரு தச்சனின் கணக்கைப் போலவே விவரிக்கிறது. முந்தைய வேதங்களின் இத்தகைய செய்திகளை நாம் வரலாற்றுக் குறிப்பாகவே எடுத்துக்கொள்கிறோம். நீளம் 60 முழம், அகலம் 20, உயரம் 30. அகலம் மட்டுமே ஏறத்தாழ 10 மீட்டர்! தூர் நகரின் அரசர் ஹீராம் மரங்களைத் தெப்பங்களாகக் கட்டிக் கடல்வழியே அனுப்பினார். கோதுமையும் ஒலிவ எண்ணெயும் விலையாகப் போயின. உட்சுவர்களில் தரையிலிருந்து மச்சு வரை கேதுருப் பலகை வேயப்பட்டது. கல் எதுவும் கண்ணில் படவில்லை. பலகைகளில் பேரீச்சை மரமும் விரிந்த மலரும் செதுக்கி, மேலே பொன் இழைத்தார்கள்.

திருக்குர்ஆனின் ஸபஉ அத்தியாயமோ இந்த அளவுகளைச் சொல்லவில்லை. ஜின்கள் அவருக்காக மிஹ்ராப்களை எழுப்பியதைச் சொல்லி, அவர் சாய்ந்திருந்த கைத்தடியைச் செல் அரித்ததைச் சொல்கிறது. கேதுருவோ பூச்சி எளிதில் அண்டாத மரம் எனப் பெயர் பெற்றது. அத்தனை பெரிய ஆட்சியின் முடிவை உலகுக்கு அறிவித்தது ஒரு சிறிய தடியும் ஒரு சிற்றுயிரும்.

பின்னர் வந்த மன்னர்களிடம் மச்சு ஆடம்பரமாயிற்று. கி.மு. 609இல் அரியணை ஏறிய யோயாக்கீம் விசாலமான மேலறைகள் கட்டி, கேதுருவால் மச்சுப்பாவி, செஞ்சாயம் பூசினான். உழைத்தவருக்குக் கூலி கொடுக்கவில்லை. கேதுருவில் போட்டியிடுவதுதான் அரசா என்று எரேமியா அவனைக் கேட்டதாக அந்நூல் கூறுகிறது. எகிப்துக்குக் கப்பம் கட்ட மக்களிடம் பொன்னும் வெள்ளியும் வசூலித்த அதே மன்னன் இவன் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அக்கேள்வியின் சூடு விளங்கும்.

கி.மு. 520இல், பாபிலோனிலிருந்து திரும்பியவர்களிடம் ஆகாய் என்பவர், ஆலயம் பாழாய்க் கிடக்க நீங்கள் மட்டும் மச்சுப்பாவிய வீடுகளில் இருக்கலாமா என்று கேட்டார். இங்கே ஒரு சொற்சிக்கல் உண்டு. 'ஸஃபன்' என்னும் அந்த எபிரேய வினைக்குக் கூரையிடுதல், பலகை வேய்தல் என இரு பொருளும் கொள்ளலாம். கப்பலைக் குறிக்கும் 'ஸஃபீனா'வையும் அகராதிகள் இவ்வேரிலேயே வைக்கின்றன; அரபியில் நாம் அறிந்த அதே சொல். முதற்பொருளைக் கொண்டால் கண்டனம் ஊரார் அனைவருக்கும். இரண்டாவதைக் கொண்டால் செல்வருக்கு மட்டும். அரண்மனைகளைப் பேசும் இடங்களில் இவ்வினை கேதுருவோடு சேர்ந்தே வருவதால், இரண்டாவதே பொருத்தமென நமக்குத் தோன்றுகிறது.

முதல் ஆலயத்தின் பலகைகள் கி.மு. 586இல் பாபிலோனியர் இட்ட தீயில் அழிந்தன. ஜெருஸலேமின் பழைய மேட்டை அகழ்ந்தபோது, அந்த அழிவில் கரியான மரச்சாமான்களின் துண்டுகள் ஒரு வீட்டில் கிடைத்தன. சிலவற்றில் செதுக்கிய இலை வடிவம் இன்னும் தெரிகிறது. அதே நகரில் 1927, 1937 நிலநடுக்கங்களுக்குப் பின் மஸ்ஜிதுல் அக்ஸாவைச் செப்பனிட்டபோது, உமய்யாக்கள் கால உத்திரங்களும் செதுக்குப் பலகைகளும் இறக்கப்பட்டன. மரத்தில் கேதுருவும் இருந்தது. செதுக்கலில் கொடியும் இலையும் இருந்தன. அவை இன்று ஜெருஸலேம் அருங்காட்சியகங்களில் உள்ளன.