காணிக்கு வந்த சட்டம் – 9: பட்டாவில் ஒரு வரி

சென்ற வாரம்: 1865 ஜனவரி 12, இரவு. அமெரிக்காவின் சவானா நகரம். அடிமைத்தளை அறுந்த மக்களின் சார்பாக இருபது கறுப்பினப் போதகர்கள் உள்நாட்டுப் போரின் வடபடைத் தளபதி ஜெனரல் ஷெர்மன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். ‘இனி உங்கள் பிழைப்புக்கு என்ன வழி?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, காரிசன் ஃபிரேசியர் என்ற 67 வயதுப் பெரியவர் வாய் திறந்தார்...

அவருடைய பதில் சுருக்கமானது. எங்களுக்கு நிலம் வேண்டும். எங்கள் கையால் உழுது பிழைத்துக்கொள்வோம்.

சொன்னவர் எட்டு ஆண்டுகளுக்கு முன்புதான் 1,000 டாலர் கொடுத்துத் தன்னையும் மனைவியையும் விடுதலைக்கு வாங்கியவர். மனிதனுக்கே விலை வைத்த ஊரில், காலுக்கடியில் சொந்த மண் இல்லாத விடுதலை எத்தனை நாள் தாங்கும் என்று அவருக்குத் தெரியாதா?

நான்காம் நாள் ஷெர்மனின் உத்தரவு பிறந்தது. சார்ல்ஸ்டனிலிருந்து தெற்கே ஃபுளோரிடா வரைக்கும் உள்ள கடலோர நிலமும் தீவுகளும் விடுதலை பெற்றவர்களுக்கு. குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சில மாதங்களில் ஏறக்குறைய 40,000 பேர் குடியேறி உழத் தொடங்கினார்கள். பயிர் நின்றது. ஆனால் பட்டா நிலைக்கவில்லை. ஜனாதிபதி லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்து வந்த ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன், அதே ஆண்டு முடிவதற்குள் பெரும்பகுதி நிலத்தைப் பழைய பண்ணை முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார்.

ஒரு கையெழுத்து கொடுத்ததை இன்னொரு கையெழுத்து பறித்தது. இதை மனதில் முடிந்துகொண்டு நம் ஊர்க் கடலோரத்துக்கு வாருங்கள்.

1891. செங்கல்பட்டு மாவட்டம். இந்தியாவில் அடிமை முறையை இனி எந்த நீதிமன்றமும் ஏற்காது என்று 1843-லேயே சட்டம் வந்துவிட்டது. அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. சேரியில் என்ன மாறியது?

ஒரு படியாள், ஊருக்கு வெளியே தரிசாகக் கிடக்கும் நிலத்தைக் கேட்டு தர்க்காஸ்து மனு போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முள் மண்டிய மேட்டு நிலம். அதுவரை யாரும் சீந்தாதது. மனு போன சேதி, ஊர் நிலத்துக்குப் பரம்பரை உரிமை கொண்டாடும் மிராசுதார் காதுக்கு எட்டுகிறது. ஊர் நிலத்தில், தரிசு உட்பட, எனக்கே முன்னுரிமை என்று அவர் எதிர்மனு போடலாம். அரசின் விதி அவர் பக்கம். நிலம் அவருக்குப் போகும். மனு போட்டவருக்கு மிஞ்சுவது ஆண்டையின் கோபம் மட்டும். அவர் குடிசை நிற்கும் மனைக்கட்டும் மிராசுதார் தனக்குப் பாத்தியப்பட்டது என்று சொல்லக்கூடியதுதான். மனு போட்ட கை, மறுநாள் பாயைச் சுருட்டவேண்டி வரலாம்.

சங்கிலியைச் சட்டம் கழற்றியது. காணியாட்சி என்ற மிராசு உரிமை அதை மறுபடி பூட்டியது.

மாவட்ட ஆட்சியர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர் இந்தப் பூட்டைப் பார்த்தார். செங்கல்பட்டுப் பறையர்களின் நிலைமை பற்றி விரிவான அறிக்கை எழுதி மேலே அனுப்பினார். வறுமைக்குக் காரணம் நிலமின்மை. நிலமின்மைக்குக் காரணம் அரசே காத்து நிற்கும் விதிகள். அறிக்கையின் சாரம் இதுதான். சேரிகளோடு பழகிய ஆடம் ஆண்ட்ரூ போன்ற பாதிரியார்களும் இதே குரலை எழுப்பினார்கள். அதே ஆண்டுகளில், இந்த மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன் சென்னையில் மக்களைத் திரட்டினார். 1893-இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். வசைச் சொல்லாக வீசப்பட்ட பெயரைத் தலைப்பாகச் சூட்டிய அந்த நெஞ்சுரத்தை நான் ஒவ்வொரு முறையும் வியந்து நிற்கிறேன்.

1892 செப்டம்பர் 30. வருவாய்த் துறை அரசாணை எண் 1010. தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க வழி திறந்தது. பிந்திய பத்தாண்டுகளில் மாகாணமெங்கும் இப்படி ஒப்படையான நிலம் 12 லட்சம் ஏக்கர் என்பது நில மீட்பு இயக்கங்கள் சொல்லும் கணக்கு. அன்று பஞ்சமர் என்று அழைக்கப்பட்ட இவர்களுக்குத் தந்ததால் பஞ்சமி நிலம். தாலுகா அலுவலகப் பேச்சில் டி.சி. (டிப்ரஸ்டு கிளாஸ்) நிலம்.

இந்த நிலத்துக்கென்று ஒரு நிபந்தனையும் எழுதினார்கள். முதல் பத்து ஆண்டுகள் விற்கவோ அடமானம் வைக்கவோ தானம் செய்யவோ குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே மாற்றலாம். மீறினால் அந்த மாற்றம் செல்லாது. அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

இந்தத் தொடரின் உயிர் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

சட்டம் படித்தவர்கள் உடனே கேட்பார்கள்: 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, வாங்கியவர் மேலே விற்கவே கூடாது என்ற முழுத் தடையைச் செல்லாததாக்குகிறதே? ஆமாம். ஆனால் அரசு வழங்கும் நிலத்துக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று 1895-ஆம் ஆண்டின் அரசு மானியச் சட்டம் சொல்லிவிட்டது. வரிக்குச் சட்டத்தின் காவல் இருந்தது.

பத்திரத்து நிபந்தனை அமெரிக்காவிலும் இருந்தது. அங்கே அது நேர் எதிரான வேலை செய்தது. செயின்ட் லூயிஸ் நகரின் ஒரு தெருவில், கறுப்பினத்தவருக்கு வீடு தரக்கூடாது என்று 1911-இல் சொந்தக்காரர்கள் எழுதிவைத்தார்கள். ஷெல்லி என்ற கறுப்பினக் குடும்பம் அங்கே வீடு வாங்கியது. அக்கம்பக்கத்தார் வழக்குப் போட்டார்கள். 1948-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட நிபந்தனையை நிறைவேற்ற எந்த நீதிமன்றமும் துணைபோகக் கூடாது என்று தீர்ப்பளித்தது. மனிதரைத் தள்ளிவைக்க எழுதிய வரி அங்கே வீழ்ந்தது. மனிதரை மண்ணில் ஊன்றிவைக்க எழுதிய வரி இங்கே வாழ்ந்திருக்க வேண்டும்.

வாழ்ந்ததா?

மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் வட்டியாகக் குட்டி போட்டது. வெற்றுத்தாளில் விழுந்த கைநாட்டு குத்தகையாக மாறி, குத்தகை கிரயமாக மாறியது. தடுக்கவேண்டிய அலுவலகங்கள் பத்திரத்தைப் பதிந்தன, பட்டாவை மாற்றின. நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். கணக்கெடுப்பு முடிந்து புதிய பதிவேடு வந்தபோது தங்கள் பெயரையே காணோம் என்று சொல்லும் குடும்பங்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. சவானாவில் ஒரு ஜனாதிபதியின் பேனா ஒரே வீச்சில் செய்ததை, இங்கே நூறு சிறிய பேனாக்கள் நூறு ஆண்டில் செய்தன. நிபந்தனையை யாரும் ரத்து செய்யவில்லை. யாரும் காக்கவும் இல்லை.

1994. மாமல்லபுரத்துக்கு அருகே காரணை கிராமம். பாட்டன் உழுத மண் யார் கையில் இருக்கிறது என்று பேரப்பிள்ளைகள் கேட்டார்கள். ட்ரெமென்ஹீர் அறிக்கை எழுதி 103 ஆண்டுகள். புதிதாக ஒரு குழி நிலம்கூட அவர்கள் கேட்கவில்லை. பட்டாவில் ஏற்கெனவே எழுதியிருந்த வரியை நிறைவேற்றச் சொன்னார்கள்.

அக்டோபர் 10. செங்கல்பட்டில் கூட்டம் திரண்டது. போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் வீடு திரும்பவில்லை.

நிலத்தை வாங்கியவர்களின் வாதம் பலமாகத்தான் ஒலித்தது. ‘காசு கொடுத்தேன், பதிவு செய்தேன், வரி கட்டுகிறேன். எப்போதோ எழுதிய நிபந்தனை என்னைக் கட்டுமா?’

இதே கேள்வி பத்து ஆண்டுகளுக்கு முன்பே உச்ச நீதிமன்றத்தின் படி ஏறியிருந்தது. 1978-இல் கர்நாடகம், இப்படிக் கைமாறிய நிலத்தை மீட்டு உரியவர்களிடமே தர ஒரு சட்டம் போட்டது. வாங்கியவர்கள் டெல்லிக்குப் போனார்கள். வழக்கின் பெயர் மஞ்சேகவுடா. 1984 ஏப்ரலில் தீர்ப்பு.

நிபந்தனையோடு தந்த நிலத்தை, நிபந்தனையை மீறி வாங்கியவருக்கு என்ன உரிமை உண்டு? நீதிபதிகள் சொன்ன பதில், காரணைக்கும் பொருந்துமா?

(அடுத்த வாரம்: டெல்லித் தீர்ப்பு)