சஸ்பென்ஸ் (திரைப்பட உத்தி)

பெரும்பாலும் கதைமாந்தர் அறியாத ஆபத்தைப் பார்வையாளருக்கு முன்கூட்டியே உணர்த்தி, விளைவுக்காகக் காத்திருக்க வைக்கும் உத்தி. ஒரு நொடியில் முடிந்துவிடும் திடுக்கிடலிலிருந்து இது வேறுபட்டது.

ஆல்பிரட் ஹிட்ச்காக் இயக்கிய ‘நொட்டோரியஸ்’ (1946) இதற்குத் தலைசிறந்த சான்று. விருந்துக் காட்சியில், உயரத்திலிருந்து முழுக் கூடத்தையும் காட்டும் கேமரா, ஒரே ஷாட்டில் கீழிறங்கி, நாயகி ஆலிசியா (இங்ரிட் பெர்க்மன்) கைக்குள் மறைத்திருக்கும் சாவியை நெருங்கி நிற்கிறது. கணவனின் சாவிக்கொத்திலிருந்து அவள் ரகசியமாகக் கழற்றிய மதுக்கிடங்குச் சாவி அது. பின்னர், குறைந்துகொண்டே வரும் ஷாம்பெயின் புட்டிகள் இடையிடையே காட்டப்படுகின்றன. அவை தீர்ந்தால் கிடங்கைத் திறக்க வேண்டிவரும். அப்போது சாவி காணாமல் போயிருப்பதும் வெளிப்படும்.

கேமராவின் நகர்வு ஆபத்து எங்கே இருக்கிறது என்று சுட்ட, படத்தொகுப்பு அதற்குக் கெடு விதிக்கிறது. வசனத்தைப் பெரிதும் சாராமலே பதற்றம் வளர்கிறது.