உறக்கம் என்னும் சொல்

சில ஆண்டுகளுக்கு முன் வேப்பனப்பள்ளிக்கு அருகே ஓர் அடக்கத்திற்குச் சென்றிருந்தேன். ஓசூரில் தொழிற்சாலை வேலைக்குப் போய்வந்த இளைஞன், சாலை விபத்து. தமிழிலும் தெலுங்கிலுமாக அரற்றிக்கொண்டிருந்த தாயிடம் உறவினர் ஒருவர், "அழாதக்கா, அவன் கர்த்தருக்குள்ள நித்திரை அடைஞ்சிருக்கான். அழுதா விசுவாசம் இல்லைன்னு ஆயிடும்" என்றார். "தூங்குறவன் எழுந்திருப்பான் இல்ல? எப்போ?" என்று கேட்டாள் அந்தத் தாய். எவரும் விடை சொல்லவில்லை.

இறப்பை உறக்கம் எனல் தமிழுக்குப் புதிதன்று. நிலையாமை அதிகாரத்தில் வள்ளுவர் சாவை உறக்கத்திற்கும் பிறப்பை விழிப்பிற்கும் ஒப்பிட்டார். கிறிஸ்தவரும் தொடக்கம் முதலே இவ்வுருவகத்தைக் கையாண்டனர். கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் 'செமட்டரி' என்ற ஆங்கிலச் சொல், உறங்குமிடம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. ஆனால் விழிப்பு வேறு. வள்ளுவரிடம் அது மறுபிறப்பு. கிறிஸ்தவரிடம், இறந்தவரே உயிர்த்தெழுதல். அத்தாய் கேட்டதும் இன்னொரு பிறவியை அன்று, தன் மகனை.

இந்நம்பிக்கையைத் தமிழ்க் காப்பிய மரபுக்குள் கொணர்ந்தவர் வீரமாமுனிவர். 1726இல் நிறைவுற்ற தேம்பாவணியின் தலைவர் சூசை. கத்தோலிக்க மரபில் நல்மரணத்தின் பாதுகாவலர். காப்பியம் முடிசூட்டுப் படலத்தோடு நிறைவுறுகிறது. கம்பனின் இராமன் மண்ணில் முடி சூடுகிறான்; தச்சராகிய சூசையோ இறந்தபின் விண்ணில் முடி பெறுகிறார். சாவு இங்கே காப்பியத்தின் முடிவன்று.

வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியனின் நூலைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் பாடினார். அது 1894இல் நூலாக வெளிவந்தது. 1678இல் வெளிவந்த பனியனின் மூலக்கதையில், விண்ணகரின் வாயிலுக்கு முன் ஓர் ஆறு குறுக்கிடுகிறது. அதுவே மரணம். அதற்குப் பாலமில்லை. நெடுவழி கடந்து வந்த பயணியே அஞ்சி மூழ்குகிறான். 'நம்பிக்கை' எனப் பொருள்படும் பெயருடைய தோழன் அவன் தலையை நீருக்கு மேல் தாங்கப் பெரும்பாடு படுகிறான். நம்பிக்கை ஆற்றை வற்றச் செய்வதில்லை, மூழ்குபவனை விட்டுவிடுவதுமில்லை.

கி.பி. 50ஐ ஒட்டித் தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதிய கடிதமும் துயருறாதீர் என்று விலக்கவில்லை. நம்பிக்கையற்றோரைப்போலத் துயருறாதீர் என்றே கேட்கிறது. இவ்வேறுபாட்டைத் தவறவிட்டால் ஆறுதல் அதட்டலாகிவிடும். யோவான் நற்செய்தியில் இயேசு, லாசருவின் இறப்பை உறக்கம் என்றே முதலில் சொல்கிறார். அவனை எழுப்பப் போவதாகவும் சொல்கிறார். இருந்தும் கல்லறைக்குச் செல்லும் வழியில் அழுகிறார். எழுப்பப் போகிறவரே அழுதார் என்றால், காத்திருப்பவள் அழுவது எவ்வாறு விசுவாசக் குறைவாகும்?

எப்போது என்ற கேள்விக்குப் பவுலும் நாள் குறிக்கவில்லை. ஆனால் ஒன்று தோன்றுகிறது. ஒப்பாரிக்கு நடுவே அத்தாய் கேட்ட "எப்போ?" என்பது நம்பிக்கையின்மையன்று. எழுந்திருப்பான் என்று நம்புகிறவள் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி அது.