உயரம் இருக்கு, வழி இல்லை

போன தை மாதம் வீட்டில் கீசர் மாட்டினோம். அம்மாவுக்கு மூட்டுவலி. குனிந்து வாளியில் மோந்து ஊற்ற முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடி ஷவரில் வெந்நீர்க் குளியல் என்பது திட்டம். முதல் நாள் திறந்தால், தண்ணீர் நூல் நூலாக விழுகிறது. "இதுக்கு வாளியே தேவலைடா" என்றார் அம்மா. பிளம்பர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டேங்க் உசரம் பத்தாது சார், பிரஷர் பம்ப் போட்டுருங்க" என்றார்.

கணக்கு அவர் பக்கம் இருந்தது. தண்ணீருக்கு அழுத்தம் தருவது உயரம்தான். 10 மீட்டருக்குச் சுமார் 1 பார். எங்கள் ஷவருக்கும் மாடி டேங்க் நீர்மட்டத்துக்கும் இடையே 3 மீட்டர்தான். அதாவது 0.3 பார். குறைவுதான். ஆனால் கீசர் வருவதற்கு முன்னும் அதே 3 மீட்டர்தானே? அப்போது ஷவர் ஒழுங்காகத்தான் கொட்டியது. நேற்று ஓடிய புரோகிராம் இன்று ஓடவில்லை என்றால், இடையில் எதை மாற்றினோம் என்றுதான் முதலில் பார்ப்போம். புது சர்வர் வாங்க ஓடமாட்டோம்.

அன்று மாலை தெப்பக்குளப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. பம்ப் என்ற சொல் மனதில் சுற்றிக்கொண்டே இருந்தது. எதிரே கிடந்த குளத்துக்கும் அதே கதை உண்டு.

1645இல் திருமலை நாயக்கர் காலத்தில் அமைந்த குளம் இது. மோட்டார் இல்லாத காலம். வடக்கே ஓடும் வைகையிலிருந்து, நிலத்தின் சரிவை மட்டும் நம்பி, வாய்க்கால் வழியாக நீரைக் கொண்டுவந்தார்கள். ஆற்றில் தண்ணீர் வந்தால் குளத்துக்கும் வந்துவிடும். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே, இங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள கீழடியில், ஒன்றோடொன்று பொருந்தும் சுடுமண் குழாய்களைப் புதைத்திருக்கிறார்கள். உயரத்திலிருந்து தாழ்வுக்கு ஒரு வழி செய்து கொடுத்தால் போதும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல.

வைகைக்கு வேறு குறை இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பக்கம் மழை குறைவு. அந்தப் பக்கம் பெரியாறு நிறைந்து கடலுக்குப் போனது. தண்ணீர் உயரத்தில்தான் இருந்தது, இடையில் மலை நின்றது. 1789இலேயே ராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆட்களை அனுப்பி வழி தேடியிருக்கிறார்; செலவு தாங்காது என்று கைவிட்டார்கள். 1876-78 தாது வருஷப் பஞ்சம் வந்து போனது. 1886இல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தம், 1887இல் வேலை தொடக்கம், 1895இல் பென்னிகுக்கின் அணை. அணையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எனக்கு அதைவிட வியப்பானது, மலையைக் குடைந்து போட்ட ஏறத்தாழ 1.7 கி.மீ. சுரங்கம். அணை தேக்கி உயர்த்திய நீரை இந்தப் பக்கம் திருப்பியது அதுதான். தண்ணீர் தானாகவே கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, சுருளியாறு வழியே வைகையைச் சேர்ந்தது. பிற்காலத்தில் அதே இறக்கத்தில் பெரிய குழாய்களைப் பதித்து, லோயர் கேம்ப்பில் மின்சாரமும் எடுத்தார்கள். தண்ணீரைத் தள்ள மின்சாரம் செலவழிக்கும் நமக்கு, இறங்கும் தண்ணீரே மின்சாரம் தருவது கொஞ்சம் உறைக்க வேண்டும்.

தெப்பக்குளத்துக்கு வருகிறேன். நான் பள்ளியில் படித்தபோது இதற்குள் கிரிக்கெட் ஆடியிருக்கிறோம். தைத் தெப்பத் திருவிழா நெருங்கினால் மோட்டார் வைத்து நீர் நிரப்புவார்கள். திருவிழா முடிந்தால் மறுபடி மைதானம். வைகை வறண்டதும் ஒரு காரணம்தான். ஆனால் ஆற்றில் நீர் ஓடிய நாட்களிலும் குளத்துக்கு வரவில்லையே? கால்வாய் ஆக்கிரமிப்பிலும் குப்பையிலும் தூர்ந்து கிடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் பனையூர் கால்வாயைச் சுத்தம் செய்து வழிவிட்ட பிறகு, வைகை நீர் தானாகக் குளத்துக்குள் வந்தது. நிலத்தின் சரிவு அத்தனை வருடமும் மாறவே இல்லை.

வழியின் அகலம் எவ்வளவு முக்கியம் என்பதை ரோமாபுரிக்காரர்கள் சட்டமாகவே வைத்திருந்தார்கள். கி.பி. 97இல் அந்நகரின் நீர் விநியோகத்துக்குப் பொறுப்பேற்ற ஃப்ரான்டினஸ் எழுதி வைத்திருக்கிறார்: அளவு முத்திரையிட்ட வெண்கல வாயை அடுத்து 50 அடிக்குக் குழாயும் அதே விட்டத்தில் இருக்க வேண்டும். அகலக் குழாயை மாட்டினால் கூடுதல் தண்ணீர் திருடலாம் என்று அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என் வீட்டில் நடந்தது இதன் தலைகீழ்.

மறுநாள் ஷவரில் பச்சைத் தண்ணீரை மட்டும் திறந்தேன், நன்றாகக் கொட்டியது. சூடு பக்கம் மட்டும் நூல். ஆக, டேங்க்கைக் குறை சொல்ல முடியாது. மின் இணைப்பைத் துண்டித்து, தண்ணீரை அடைத்து, ஆறவிட்டுக் கழற்றினோம். கீசருக்கு முன்னால் இருந்த ஆங்கிள் வால்வு பாதிதான் திறந்திருந்தது. சூட்டுநீர் வழியின் சல்லடையில் மணலும் டெஃப்லான் டேப் துணுக்குகளும். கீசரின் இரண்டு பக்க ஹோஸும் வெளியே அரை இஞ்ச்; உள்துளையோ ஒரு பென்சில் நுழையும் அளவுதான். துளை பாதியானால் வரத்து பாதியாகாது, அதைவிடப் பல மடங்கு குறையும், 0.3 பாரில் அது நன்றாகவே தெரியும். பாதுகாப்பு வால்வை மட்டும் தொடாமல், ஹோஸை மாற்றினோம், சல்லடையைக் கழுவினோம், வால்வை முழுக்கத் திறந்தோம். "இத நான் மொதல்லயே பாத்திருக்கணும் சார்" என்றார் பிளம்பர். நல்ல மனிதர்.

ஓட்டல் ஷவர் மாதிரி அடிக்கவில்லை. 3 மீட்டருக்கு என்ன கிடைக்குமோ அது கிடைத்தது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து குளித்துவிட்டு வந்தார். வாளி இப்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டது.