கழற்றிக் கட்டும் கை: மறுமலர்ச்சிக்கால ஆடையமைப்பும் பெங்களூருவின் மேடைத் தையலும்

1. ஆய்வுப்பொருளும் எல்லையும்

15, 16-ஆம் நூற்றாண்டுகளின் ஐரோப்பிய உடையில் கை தனி உறுப்பு. மேலுடையின் தோளில் அதை நாடாவால் கட்டினார்கள்; வேண்டாதபோது அவிழ்த்து வைத்தார்கள். அக்காலக் கதையை மேடையேற்றும் நாடகக் குழுவுக்கு இந்தக் கையை எப்படித் தைப்பது என்பது நடைமுறைக் கேள்வி. பெங்களூருவில் அக்கேள்வி எழ இடமுண்டு. 1960-இல் தொடங்கிய பெங்களூர் லிட்டில் தியேட்டர் குழு, 1963-இல் திறந்த ரவீந்திர கலாக்ஷேத்ரா, 2004-இல் ஜே.பி. நகரில் திறந்த ரங்க சங்கரா எனப் பல மொழி நாடகத்துக்கு அங்கே நிலையான குழுவும் அரங்குகளும் உள்ளன. பட்டும் ஜரிகையும் ரவிக்கைத் தையலும் அந்நகரின் அன்றாடத் தொழில்கள்.

கழற்றும் கையின் சிறப்பு அதன் மேல் அலங்காரத்தில் இல்லை, தோளில் அது சேரும் இடத்தில்தான் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. உழைப்பும் செலவும் அங்கேதான் சேர வேண்டும்.

2. வரலாற்றுச் சான்றுகள்

2.1 ஓவியம். கிர்லாந்தாயோ 1488-ஐ ஒட்டித் தீட்டிய ஜியோவன்னா தோர்னபுவோனியின் உருவப்படத்தில் கையின் பிளவுகள் வழியே வெள்ளை உள்ளாடை புடைத்து நிற்கிறது. சுமார் 1545-இல் பிரோன்சினோ வரைந்த எலியனோரா தி தொலேதோவின் படத்திலும் அதே உத்தியைக் காணலாம். கைக்கும் உடலுக்கும் நடுவே இடைவெளி விட்டதைத் தையல் குறை என்று கொள்ள முடியாது. வெள்ளைத்துணியின் தூய்மையைக் காட்டுவதற்கென்றே அதை விட்டார்கள்.

2.2 பொருளியல். வெல்வெட்டும் பொன்னிழைத் துணியும் மிகுந்த விலை விற்ற காலம் அது. இத்தாலியச் சீதனப் பட்டியல்களில் கைகள் தனி உருப்படியாகவே பதிவாயின. ஒரே மேலுடைக்கு இரண்டு மூன்று இணைக் கைகள் இருந்தால் பார்ப்பவருக்கு அவை இரண்டு மூன்று உடைகள். ஆடம்பரத் தடைச் சட்டங்களின் கண்ணும் கைகள்மீது விழுந்தது.

2.3 நாடகம். ஷேக்ஸ்பியரின் 'தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூ'வில் நான்காம் அங்கம், மூன்றாம் காட்சியில் தையற்காரருக்கும் மணமகன் வீட்டாருக்கும் நடக்கும் வாக்குவாதத்தில் கையின் வெட்டே ஒரு சிக்கல். கையைப் பற்றிச் சண்டை போடும் அந்தக் காட்சியைச் சாதாரண முழுக்கைச் சட்டையோடு நடித்தால் பாதி நகைச்சுவை போய்விடும்.

3. உள்ளூர் ஒப்புமை

துண்டு துண்டாகக் கட்டி உடுத்துவது தென்னிந்திய மேடைக்குப் புதிதல்ல. கர்நாடகத்தின் யக்ஷகானத்தில் எதெகட்டு என்ற மார்பணியும் புஜகீர்த்தி என்ற தோளணியும் தனித்தனியே கயிற்றால் கட்டப்படுகின்றன. தமிழ்நாட்டுத் தெருக்கூத்தில் கட்டை வேடக்காரர் (மரக்கட்டை அணிகள் பூணும் வேடக்காரர்) புஜக்கட்டை என்ற தோளணியை அப்படியே தோளில் ஏற்றுகிறார். இரவெல்லாம் ஆடும் நடிகருக்கு வேர்வை பட்ட பகுதியை மட்டும் மாற்ற முடிய வேண்டும், ஒரே உருப்படி பல உடல்களுக்குப் பொருந்தவும் வேண்டும். இரண்டு தேவைகளும் மறுமலர்ச்சிக்காலக் கைக்கும் பொருந்தும். பி.வி. காரந்த் 1979-இல் தேசிய நாடகப் பள்ளியின் ரெப்பர்டரிக்காக மெக்பெத்தை 'பர்ணம் வன' என யக்ஷகான பாணியில் இயக்கினார். இரு மரபுகளும் ஒரே மேடையில் நிற்கக் கூடியவை என்பதற்கு அது சான்று.

கடைத்தெருவிலும் ஒரு சான்று உண்டு. ஆயத்தக் குர்த்திகளில் பல கையில்லாமல் வந்து, கைத்துணி உள்ளே மடித்து வைக்கப்பட்டிருக்கும். வாங்குபவர் தெருமுனைத் தையற்கடையில் விருப்பம்போல் அதைச் சேர்த்துக்கொள்கிறார். கை தனிப்பொருள் என்ற எண்ணம் நம் வாடிக்கையாளருக்கு முன்பே பழக்கம்.

4. வெட்டும் தைப்பும்

4.1 கைக்குழி. அக்காலக் கைக்குழி சிறியது, அக்குளுக்கு நெருக்கமாக ஏறி வெட்டப்பட்டது. சட்டைத் தொழிற்சாலையின் தளர்ந்த கைக்குழியை வைத்தால் கையைத் தூக்கும்போது உடல்பகுதியும் சேர்ந்து மேலே ஏறும். ரவிக்கை வெட்டத் தெரிந்தவருக்கு இந்த இறுக்கம் கைவந்த வேலை. ஆகவே இப்பணிக்குக் கோட் தையற்காரரைவிட நல்ல ரவிக்கைத் தையற்காரரே ஏற்றவர்.

4.2 கையின் மேல்விளிம்பு. சாதாரண ரவிக்கையில் கையின் மேல்வளைவு கைக்குழி முழுவதையும் சுற்றிவரும். இங்கே அக்குள் பக்கத்தைத் திறந்தே விடுகிறோம். கைக்குழி 16 அங்குலம் என்றால் அக்குளில் 4 அங்குலம் விட்டு, மீதி 12 அங்குலத்தில் ஐந்து இடங்களில் கட்டலாம். கட்டுகளுக்கு இடையே 3 அங்குலம் வரும். அந்த இடைவெளியில்தான் உள்ளாடையைப் பிதுக்கி விடுகிறோம்.

4.3 துளை. ஒவ்வொரு கட்டுக்கும் தோள்பட்டையில் இரண்டு, கையில் இரண்டு என நான்கு துளைகள். ஒரு தோளுக்கு 20, இரு தோளுக்கும் 40. உலோக ஐலெட் 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு, முதல் வரிசைப் பார்வையாளர் கண்ணில் பளிச்சென்று படும்; ஆகவே நூலால் தைத்த துளையே வேண்டும். துளையைக் கத்தரியால் வெட்டக் கூடாது. குத்தூசியை மெல்லத் திருகி இழைகளை ஒதுக்க வேண்டும். வெட்டினால் இழை அறுந்துவிடும். ஒதுக்கினால் எல்லா இழையும் சுற்றிலும் நின்று இழுவையைத் தாங்கும். பிறகு காஜா நூலால் சுற்றி நெருக்கமாகத் தைக்க வேண்டும். துணிக்கு அடியில் சிறு வளையம் ஒன்றை வைத்துச் சேர்த்துத் தைத்தால் பல காட்சிகளுக்குத் தளராது.

4.4 தோள்பட்டை. உள்துணி வைத்த வெல்வெட் கை கனமானது. அகன்ற கழுத்துள்ள மேலுடையில் அந்தக் கனம் பட்டையை வெளிப்புறமாக இழுக்கும். பட்டைக்குள் கேன்வாஸ் வைத்து, விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளித் துளை போட்டால் நழுவாது.

4.5 நாடா. கட்டு ஒன்றுக்கு 12 அங்குலம் என்றால் பத்துக் கட்டுக்கு 120 அங்குலம், அதாவது சுமார் 3 மீட்டர். நுனிக்குப் பித்தளைக் குழாய்த் துண்டு போதும். ஷூ நாடாவின் நுனிபோல அது துளைக்குள் எளிதாக நுழையும். விரைவாக உடை மாற்றும் காட்சிக்கு வெல்க்ரோ வைக்கும் பழக்கம் உண்டு. அது பட்டிழையைப் பிடுங்கும், அமைதியான அரங்கில் கிழியும் சத்தமும் கேட்கும். முன்பக்கத்து இரண்டு கட்டுகளை மட்டும் மறைவான பிரஸ் பட்டனாக்கி, நாடாவை முடிச்சிட்டபடியே விட்டுவிடுவது மேல்.

5. துணித் தேர்வு

நகரத்துக்கு 50 கி.மீ. தொலைவிலுள்ள ராமநகரம் பட்டுக்கூடுச் சந்தைக்குப் பெயர் பெற்றது. இரு புழுக்கள் சேர்ந்து கட்டிய கூட்டிலிருந்து வரும் டூப்பியன் பட்டு பெங்களூருவில் தாராளமாகக் கிடைக்கும். விறைப்பானது, கையின் வடிவத்தைத் தானே தாங்கும். ஆனால் அதன் முடிச்சிழைகள் இன்று அழகாகத் தோன்றினாலும், மறுமலர்ச்சிக்காலத்தில் வழுவழுப்பான பட்டுக்கே மதிப்பு. தொலைவிலிருந்து பார்க்கும் பெரிய அரங்குக்கு டூப்பியன் ஏற்றது, சிறிய அரங்குக்குச் சாட்டினோ வெல்வெட்டோ பொருந்தும். 1912 முதல் நெய்யப்படும் மைசூர்ப் பட்டின் கிரேப் மென்மையாகத் துவளும், ஆகவே கைக்கு உதவாது.

பழைய பட்டுப்புடவையை வெட்டிக் கை தைப்பவர்கள் மாங்காய்ப் புட்டாவைத் தவிர்க்க வேண்டும். பார்ப்பவருக்கு உடனே கல்யாண மண்டபம் நினைவு வரும். இத்தாலியத் துணிகளில் மாதுளை உருவே பெரிதும் வந்தது. பெரிய பூக்கொடி ஜரிகை அதற்கு அருகே நிற்கும்.

உள்ளாடைக்கு மல்மல். மேடை விளக்கின் வெப்பத்தில் வேர்வையை உறிஞ்சுவது அதுதான். ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் அதைத் துவைக்கலாம். ஜரிகைக் கை உடலில் படாததால் சலவைக்குப் போகும் அவசியம் குறையும்.

6. முடிவுகள்

(அ) பிளவும் இடைவெளியும் கழற்றும் கையின் இயல்புகள். அவற்றை மூடித் தைப்பது வடிவத்தையே மாற்றிவிடும்.

(ஆ) அக்குளைத் திறந்து விடுவதால் நடிகரின் கை தடையின்றி உயரும், காற்றும் உள்ளே புகும். அசைவுக்கும் சுகாதாரத்துக்கும் ஒரே விடை கிடைக்கிறது.

(இ) ஒரு மேலுடைக்கு இரண்டு இணைக் கைகள் தைத்தால் ஒரே நடிகர் இரு நிலைகளில் தோன்றலாம். சிறு குழுவின் பணமுடைக்கு இது நேரடி உதவி.

(ஈ) செலவைக் குறைக்க வேண்டுமானால் மேல்துணியில் குறைக்கலாம். துளையிலும் தோள்பட்டையிலும் குறைத்தால் முதல் வாரத்திலேயே கை கழன்று தொங்கும்.

யக்ஷகான, தெருக்கூத்து ஒப்பனைக்காரர்களின் முடிச்சு முறைகளை அளவோடு பதிவுசெய்து இதனோடு ஒப்பிடுவது அடுத்த கட்ட ஆய்வுக்கு உரியது. 1997-இல் தொடங்கிய பெங்களூரு நிஃப்ட் (தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம்) போன்ற கல்விக்கூடங்களின் மாணவர்களுக்கு அது நல்ல ஆய்வுத்தலைப்பு. நாடாவை எங்கே கட்டினால் தோள் வலிக்காது என்பதை அந்த ஒப்பனைக்காரர்கள் பல தலைமுறைகளாக அறிந்திருக்கிறார்கள்.